ஊளையிடும் பீகிளும் உட்கார்ந்து தூங்கும் பக்கும்

கேள்வி: டாக்டர், எங்களுடையது கூட்டுக் குடும்பம். கீழ் வீட்டில் எங்கள் இரண்டு வயது பீகிள் ஜிலேபி, மாடியில் கொழுந்தனார் வளர்க்கும் லாப்ரடார், போன வருடம் மாமனார் சாத்தூர்ப் பக்கம் போனபோது வாங்கி வந்த சிப்பிப்பாறை என்று மூன்று நாய்கள். மூன்றும் மூன்று விதம். ஆம்புலன்ஸ் சைரன் கேட்டாலும் கோயிலில் சங்கு ஊதினாலும் ஜிலேபி தலையைத் தூக்கி ஊளையிடுகிறது. நாய் ஊளையிட்டால் வீட்டுக்கு ஆகாது, யாருக்காவது கொடுத்துவிடு என்கிறார் அத்தை. லாப்ரடாருக்கு எவ்வளவு போட்டாலும் பசி அடங்குவதில்லை. யார் வந்தாலும் ஒற்றைச் செருப்பைக் கவ்விக்கொண்டு அவர்கள் முன்னால் போய் நிற்கிறது. சிப்பிப்பாறை தரையில் உட்காருவதே இல்லை. நின்றபடியே நம் மேல் சாய்ந்துகொள்கிறது. இதெல்லாம் அந்தந்த ஜாதியின் குணமா, இல்லை ஏதாவது நோயா? பக்கத்து வீட்டில் பக் என்கிற தட்டை முக நாய் ஒன்று இருக்கிறது. அது உட்கார்ந்தபடியே, வாயில் பந்தைக் கவ்விக்கொண்டு, குறட்டை விட்டுத் தூங்கும். அந்த வீடியோவைப் பார்த்துத் தெருவே சிரிக்கிறது. நாய்களுக்கு எப்படித்தான் இப்படியெல்லாம் தோன்றுகிறதோ!

ஒரு வாசகி, ஈரோடு

பதில்:

சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கவலைப்பட்டுக் கேட்டிருக்கும் மூன்று நாய்களும், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், நன்றாகவே இருக்கின்றன. கடைசியில் சிரிப்புக்காக இரண்டு வரி சேர்த்திருக்கிறீர்களே, அந்தப் பக்கத்து வீட்டு நாய்தான் எனக்கு உறுத்துகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அத்தையைச் சமாதானப்படுத்துவோம். ஜிலேபி வீட்டில் இருப்பதா போவதா என்பது அவர் கையில்தானே இருக்கிறது.

பீகிள் இங்கிலாந்தில் முயல் வேட்டைக்கென்று வளர்த்தெடுத்த நாய். ஒன்றிரண்டாக இல்லை, கூட்டமாக அவிழ்த்து விடுவார்கள். அவை மோப்பம் பிடித்துக்கொண்டு புதருக்குள் ஓடிவிடும். ஆட்கள் பின்னால் நடந்து வருவார்கள். நாய் எந்தப் பக்கம் போகிறது என்று ஆளுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்குத்தான் அந்தக் குரல். வெடுக்கென்று குரைக்கிற சத்தம் புதரிலேயே அமுங்கிப் போகும். இழுத்து நீட்டுகிற குரல் வயல் தாண்டிக் கேட்கும். நல்ல குரல் உள்ள நாயின் குட்டிகளை வைத்துக்கொண்டார்கள், இப்படியே பல தலைமுறை. ஜிலேபியின் வால் நுனி வெள்ளையாக இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இப்படி வந்ததுதான். உயரமான புல்லுக்குள் நாய் மறைந்தாலும் வால் நுனி மட்டும் வெளியே ஆட வேண்டும். ஆளின் கண்ணுக்கு வால், காதுக்கு ஊளை.

சைரனும் சங்கும் நீளமாக இழுபடுகிற சத்தங்கள். தூரத்தில் இன்னொரு நாய் குரல் கொடுப்பதுபோல ஜிலேபிக்குத் தோன்றுகிறது, பதில் கொடுக்கிறது. காது வலித்துக் கத்துகிறது என்று சிலர் சொல்வார்கள். காது வலித்தால் நாய் வாலை ஒடுக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் ஒளியும். இது தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஊளை என்றால் சாவு என்று என் பாட்டியும்தான் சொல்வார். யோசித்துப் பார்த்தால், தெருநாய்கள் அநேகமாக எல்லா ராத்திரியும் ஊளையிடுகின்றன. வீட்டில் ஒருவர் படுக்கையில் கிடக்கிற ராத்திரியில்தான் நாம் விழித்திருந்து அதைக் கேட்கிறோம். ஆனால் அத்தையிடம் இதை வாதமாகக் கொண்டுபோகாதீர்கள், தோற்றுப் போவீர்கள். தினசரிக் காலண்டரில் ஜிலேபி ஊளையிட்ட நேரத்தையும், அப்போது வெளியே என்ன சத்தம் கேட்டது என்பதையும் பதினைந்து நாள் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அத்தையே குறித்தால் இன்னும் நல்லது.

ஊளை ஆரம்பித்ததும் வீட்டில் யாரும் "ஏய், சும்மா இரு" என்று கத்த வேண்டாம். நாமும் கூட்டத்தில் சேர்ந்து பாடுகிறோம் என்றுதான் அது நினைத்துக்கொள்ளும். கோயில் பூஜை நேரம் உங்களுக்குத் தெரியும். அதற்குப் பத்து நிமிடம் முன்பு, ஒரு பழைய துண்டில் வேகவைத்த கோழித் துணுக்கு, கேரட் துண்டுகளைச் சுருட்டி முடிச்சுப் போட்டுக் கொடுங்கள். மூக்கு வேலையில் இருக்கும்போது பீகிளுக்கு உலகமே மறந்துபோகும். அமெரிக்காவில் 1984 முதல் விமான நிலையங்களில் பயணிகளின் பெட்டிக்குள் பழமோ இறைச்சியோ செடி கொடியோ இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்க பீகிளைத்தான் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்கக் கறிவேப்பிலையோடு போன நம் ஊர் அம்மாக்கள் சிலருக்கு அந்த நாய்களை நேரிலேயே தெரிந்திருக்கும்.

ஒன்றை மட்டும் பார்த்துவிடுங்கள். நீங்கள் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது பழைய போன் ஒன்றை ரெக்கார்டிங்கில் போட்டு வைத்துவிட்டுப் போங்கள். சைரனே இல்லாமல், வீட்டில் ஆள் இல்லாத நேரமெல்லாம் ஊளையிட்டால் அது தனிமை பயம். அதற்கு வைத்தியம் வேறு, தனியாக எழுதுங்கள்.

லாப்ரடாருக்கு வருவோம். பெயர் லாப்ரடார் என்றாலும் பூர்வீகம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவு. அங்கே மீனவர்களோடு படகில் போய், ஜில்லென்ற கடலில் குதித்து, வலைக் கயிற்றையும் தூண்டிலிலிருந்து நழுவிய மீனையும் கவ்விக்கொண்டு வந்த நாய்களின் வம்சம் இது. பாதத்தை விரித்துப் பாருங்கள், விரல்களுக்கு நடுவே ஜவ்வு நன்றாகத் தெரியும். பிறகு இங்கிலாந்துக்குப் போனதும், சுட்டு விழுத்திய பறவையைத் தேடி எடுத்து வருகிற வேலை. பறவையில் பல் பதியக்கூடாது, வழியில் கீழே போடக்கூடாது, எஜமான் கையில்தான் கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் பறவை விழுவதில்லை, செருப்புதான் இருக்கிறது. சந்தோஷம் வந்தால் சிலருக்குக் கை சும்மா இருக்காது. இதற்கு வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

செருப்பைப் பிடுங்கத் துரத்தாதீர்கள். துரத்தினால் இரண்டில் ஒன்று நடக்கும்: உறுமிக்கொண்டு காவல் காக்கப் பழகும், அல்லது பறிபோவதற்குள் விழுங்கப் பழகும். இரண்டாவதுதான் என்னை மாதிரி ஆட்களுக்கு ராத்திரி வேலை வைக்கிறது. வருஷா வருஷம் மே மாதம் லாப்ரடார் வயிற்றிலிருந்து மாங்கொட்டை எடுக்கிறேன். ஒருமுறை பள்ளிக்கூடச் சாக்ஸ், ஜோடியாகவே வந்தது. வாசலருகே அதற்கென்று ஒரு கூடை வைத்து, முடிச்சுப் போட்ட பழைய துண்டு ஒன்றைப் போட்டு வையுங்கள். செருப்போடு வந்தால் ஒரு பிஸ்கட் துணுக்கைக் காட்டி வாங்கிக்கொண்டு, துண்டைக் கொடுங்கள். சில வாரங்களில் அதுவே கூடைக்குப் போகும். லாப்ரடார் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, ஒரு வேளைச் சாப்பாட்டைத் தொடாமல் விட்டாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். வேறு நாய் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் நான் காத்திருக்கச் சொல்வேன். லாப்ரடாரை உடனே கொண்டுவரச் சொல்வேன்.

அந்தப் பசிக்கும் காரணம் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு சிறு துண்டு, ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்கு இல்லை. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சேதி சொல்கிற வேலையில் அந்த மரபணுவுக்குப் பங்கு உண்டு. சேதி சரியாகப் போய்ச் சேராவிட்டால் சாப்பிட்டு முடித்த தட்டின் முன்னாலேயே பசி. 2024-ல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு தகவலும் வந்தது: இந்தக் குறை உள்ள நாய்கள் சும்மா இருக்கும் நேரத்தில் எரிக்கிற சக்தியும் சுமார் 25 சதவீதம் குறைவு. அதாவது பசி அதிகம், செலவு கம்மி. இதில் ஒரு வேடிக்கை, பார்வையற்றோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உதவப் பழக்கிய லாப்ரடார்களைச் சோதித்தபோது நான்கில் மூன்றுக்கு இந்தக் குறை இருந்தது. ஒரு துணுக்குத் தீனிக்காக எதையும் கற்றுக்கொள்கிற நாயைத்தானே பயிற்சிக்குத் தேர்ந்தெடுப்பார்கள்!

ஆகவே உங்கள் கொழுந்தனாரின் நாய் பொய்ப் பசியோடு நடிக்கவில்லை, அதற்கு நிஜமாகவே பசிக்கிறது. "லாப்ரடார் என்றால் அப்படித்தான்" என்பதும் சரிதான். ஆனால் அப்படித்தான் என்று கேட்டபோதெல்லாம் போட்டால் ஐந்து வயதில் முட்டி தேய்ந்துவிடும். கூட்டுக் குடும்பத்தில் உள்ள சிக்கல், ஆளாளுக்குக் கொஞ்சம் போடுவது. காலையில் ஒரு டப்பாவில் அன்றைக்கான மொத்தத் தீனியையும் அளந்து வையுங்கள். யார் கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான். டப்பா காலியானால் கடை மூடியாயிற்று. விலாப்பக்கம் லேசாகத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், அழுத்தித் தேடும்படி இருந்தால் எடை கூடிவிட்டது.

சிப்பிப்பாறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, பாவம், அது தொந்தரவே கொடுப்பதில்லை. கரிசல் காட்டில் முயலைக் கண்ணால் பார்த்து விரட்டுகிற நாய் அது. உடம்பில் கொழுப்பு கிடையாது, தோலுக்கு அடியில் நேராக எலும்பு, தொடை முழுக்க இறுகிய தசை. பின்னங்காலை மடக்கி உட்காருவது அந்த உடம்புக்குச் சுகமான நிலை இல்லை. மேல்நாட்டு கிரேஹவுண்டும் இதே மாதிரிதான். நிற்கும், நம் தொடையில் சாயும், இல்லாவிட்டால் மொத்தமாகப் படுத்துவிடும். சாய்வது அதன் பாசம், தள்ளிவிடாதீர்கள். தடிமனான பழைய மெத்தை ஒன்று போட்டால் மாமனாரின் சோபா தப்பிக்கும். பின்னாளில் ஏதாவது ஆபரேஷன் என்று வந்தால் மட்டும், இது சிப்பிப்பாறை என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். இந்த வகை மெலிந்த வேட்டை நாய்களின் உடம்பிலிருந்து சில பழைய மயக்க மருந்துகள் வெளியேற ரொம்ப நேரம் பிடிக்கும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆள் மேல் சாய்வது வேறு, சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அப்படியே நிற்பது வேறு. அது எந்த நாயாக இருந்தாலும், மூளையிலோ ஈரலிலோ கோளாறு இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும்.

சரி, ஜாதிக் குணமா, நோயா என்று கேட்டீர்கள். 2022-ல் அமெரிக்காவில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு, அதில் இரண்டாயிரத்துச் சொச்சம் நாய்களின் மரபணுவையும் படித்துப் பார்த்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் நடத்தையில் உள்ள வித்தியாசத்தில் இனத்தால் விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம்தான். ஊளை போன்ற சிலவற்றில் இனத்தின் பங்கு தெளிவாகத் தெரிந்தது. மற்றபடி, ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளே வேறு வேறாக இருப்பதில்லையா, அப்படித்தான். நாளைக்கு உங்கள் கொழுந்தனார் இன்னொரு லாப்ரடார் வாங்கி, அது செருப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றால் ஏமாற்றி விற்றுவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

நான் கிளினிக்கில் பார்ப்பது வேறு ஒன்றை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாய் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு வருகிறதா? புல் டெரியர் என்று முட்டை மாதிரித் தலையோடு ஒரு நாய் உண்டு. அது சில சமயம் திரைச்சீலைக்கோ தொங்குகிற செடிக்கோ அடியில், முதுகில் இலை பட்டும் படாமலும், சாமி வந்ததுபோல அடிமேல் அடி வைத்து நடக்கும். பார்க்கிறவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். ஆனால் அது பெரும்பாலும் தானே கலைந்து சாதாரணமாகிவிடும், ஒரு கெடுதலும் இல்லை. அதே புல் டெரியர் தன் வாலைத் துரத்திச் சுற்ற ஆரம்பித்து, கூப்பிட்டாலும் நிற்காமல், சோற்றைக் காட்டினாலும் நிற்காமல் சுற்றினால் அது வியாதி. டோபர்மேன் சிலது தன் விலாப்பக்கத் தோலையோ போர்வையையோ குட்டி பால் குடிப்பதுபோலச் சப்பிக்கொண்டே இருக்கும். தூக்கம் வரும்போது ஐந்து நிமிடம் போர்வையைச் சப்பினால் நான் ஒன்றும் சொல்வதில்லை. புண்ணாகும்வரை சப்பினால் மருந்து உண்டு. இந்தச் சப்பும் பழக்கத்துக்குப் பின்னால் இருக்கிற மரபணுப் பகுதியையும் 2010-லேயே அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

இப்போது பக்கத்து வீட்டு பக்.

2003-ல் ஹட்ச் செல்போன் நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னாலேயே ஒரு பக் நடந்து போயிற்று, ஞாபகம் இருக்கும். அதுவரை எங்கள் ஊர்ப் பக்கம் அந்த இனத்தைப் பார்த்ததே அபூர்வம். அப்புறம் தெருவுக்கு ஒன்று வந்துவிட்டது. அந்த முகத்தின் அழகே அது தட்டையாக இருப்பதுதான். தலைமுறை தலைமுறையாக மண்டையோட்டைக் குறுக்கிக் குறுக்கி வளர்த்ததில் எலும்பு குறுகிவிட்டது, உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குக் குறுகவில்லை. மூன்று படுக்கையறை வீட்டுச் சாமான்களை ஒற்றை அறைக்கு மாற்றியது மாதிரி, நாக்கும் மேலண்ணத்தின் பின்பக்கச் சதையும் தொண்டைக்குள் அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. மூக்குத் துவாரமோ கீறிவிட்ட கோடு மாதிரி இருக்கும்.

விழித்திருக்கும்போது எப்படியோ சமாளித்துவிடும். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்துபோய் வழி மூடிக்கொள்ளும். மூச்சு முட்டித் திடுக்கிட்டு விழிக்கும். மறுபடி தூங்கும், மறுபடி முட்டும். கடைசியில் அந்த நாய் தானே ஒரு உபாயம் கண்டுபிடிக்கிறது: படுக்காமல் உட்கார்ந்துகொண்டால், மோவாயைத் தூக்கி எதன் மேலாவது வைத்துக்கொண்டால், வாயில் எதையாவது கவ்விக்கொண்டால் வாய் மூடாது, காற்று போகும். நீங்கள் எல்லோரும் சிரிக்கிற அந்தப் பந்து, அது மூச்சு விடுவதற்காகக் கொடுத்திருக்கும் முட்டு.

நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன், உட்கார்ந்து தூங்குகிற பக்குகளில் மூச்சுத் தடை இல்லாத ஒன்றை நான் பார்த்ததில்லை. வளர்ப்பவர்களைக் குறை சொல்வதற்கும் இல்லை. லண்டனில் ராயல் வெட்டரினரி கல்லூரியில் 2012-ல் ஒரு ஆய்வு செய்தார்கள். தட்டை முக நாய்களில் மூச்சுத் திணறல் தெளிவாக இருந்தவற்றைக்கூட, அவற்றை வளர்ப்பவர்களில் பாதிக்கு மேல், "மூச்சுப் பிரச்சினையா, அதெல்லாம் இல்லையே" என்றுதான் சொன்னார்கள். குறட்டை அந்த இனத்தின் குணம் என்று நினைத்துக்கொண்டார்கள். பீகிளுக்கு "அது அப்படித்தான்" என்று சொன்னால் உங்கள் காதுதான் கொஞ்சம் வலிக்கும். பக்குக்கு அதே வார்த்தையைச் சொன்னால் ஆபத்து. அதனிடம் இனத்தின் குணமும் நோயும் ஒன்றேதான்.

ஈரோட்டு வெயில் உங்களுக்குத் தெரியாததில்லை. நாய்க்கு நம்மைப்போல உடம்பு முழுக்க வியர்க்காது, பாதத்தில் கொஞ்சம்தான். நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். காற்றுப் போகிற வழியே அடைத்திருந்தால், வேகமாக இரைக்க இரைக்கத் தொண்டை வீங்கும், வீங்க வீங்க இன்னும் அடைக்கும். ஏப்ரல், மே மாத மதியத்தில் பத்து நிமிட நடை போதும், மயங்கி விழுந்துவிடும். அப்படி நடந்தால் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீரை ஊற்றி, ஃபேன் காற்றில் வைத்து, நனைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, நல்ல பலனும் உண்டு. எடை கூடியிருந்தால் முதலில் அதைக் குறைக்க வேண்டும். இரண்டு கிலோ குறைந்தாலே குறட்டைச் சத்தம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். கழுத்து பெல்ட்டைக் கழற்றிவிட்டு மார்போடு மாட்டுகிற ஹார்னஸ் போட வேண்டும். நடை சூரியன் வருவதற்கு முன்பு மட்டும். மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தவும், தொண்டைக்குள் தொங்குகிற அண்ணச் சதையை வெட்டிக் குறைக்கவும் அறுவை சிகிச்சை இருக்கிறது. சின்ன வயதிலேயே செய்தால் நல்லது, தள்ளிப்போட்டால் குரல்வளையும் தளர்ந்துவிடும். உங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான். அங்கே காட்டி, ஆபரேஷன் தேவையா என்று கேட்கலாம்.

இதைப் பக்கத்து வீட்டில் எப்படிச் சொல்வது என்பதுதான் சங்கடம். "உங்கள் நாய்க்கு வியாதி, டாக்டர் சொன்னார்" என்று ஆரம்பித்தால் அத்தோடு பேச்சு முடிந்தது. அந்த வீடியோவை நான் பார்க்க ஆசைப்படுகிறேன் என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான். எனக்கு அனுப்பட்டும், அவர்கள் வழக்கமாகக் காட்டும் மருத்துவரிடமும் காட்டட்டும். நேரில் கொண்டுபோனால் நாய் பயத்தில் விழித்தபடியே இருக்கும், தூங்குகிற கோலம் மருத்துவருக்குக் கிடைக்காது, அதனால் அந்த வீடியோ ரொம்ப உதவும். ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். பின்னணியில் பாட்டுப் போட்டு எடிட் செய்த வீடியோ வேண்டாம். முதலில் எடுத்ததையே அனுப்பச் சொல்லுங்கள், எனக்கு அந்தக் குறட்டை கேட்க வேண்டும்.